கப்பல் கெடுக்காது, கரைதான் கெடுக்கும்

தூத்துக்குடி
18.1.2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது.  

பொங்கலன்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் பக்கம் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. தவிர, இது நாலு வார்த்தையில் முடிகிற விஷயமும் இல்லை. வடகாட்டுப் பலாச்சுளையை உறைய வைத்து நாற்பதடி கண்டெய்னரில் லண்டனுக்கு அனுப்பப் போகிறேன், அதற்கு வேகமாக உறைய வைக்கிற ப்ளாஸ்ட் ஃப்ரீசர் போட வேண்டும், தோட்டத்துப் பத்திரத்தைப் பேங்கில் வைக்கலாமென்று இருக்கிறேன் என்றாய். கடைசியாக, “ஒரு மாசத்துக்கு மேல கப்பல்ல கெடந்தா சுளை என்னத்துக்கு ஆகும் மாமா?” என்று கேட்டாய்.

ஒன்றும் ஆகாது. நல்லபடியாக உறைந்த சுளை மைனஸ் 18 டிகிரியில் ஒரு மாதம் என்ன, பல மாதம் இருக்கும். அந்தக் குளிரில் கிருமி சாகாது, ஆனால் பெருகவும் பெருகாது. பழத்துக்குள் நடக்கிற மாற்றங்களும் நின்றுபோகாவிட்டாலும் மிக மெதுவாகிவிடும். ஆகவே கடலைப் பற்றிய கவலையை விட்டுவிடு. சரக்கு கெடுகிற இடம் மரத்தடியிலிருந்து துறைமுக கேட் வரைக்கும் உள்ள தூரம்தான். முதலில் இறால் கம்பெனியிலும் பிறகு இந்த ஷிப்பிங் ஆபீசிலுமாக என் காலம் போயிருக்கிறது. கெட்டுப்போய் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றின் வேரைத் தோண்டினால் அது கரையில்தான் வந்து நிற்கும். கப்பல்காரனைத் திட்டிக்கொண்டே ஆரம்பிப்பார்கள். கடைசியில் நம் ஊர் ஷெட்டில் வந்து முடியும்.

ரீஃபர் கண்டெய்னர் என்றால் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது சரக்கை உறைய வைக்கிற மெஷின் இல்லை. உறைந்து வந்ததை அப்படியே வைத்திருக்கிற மெஷின். ஆறிப்போன டீயை ஃப்ளாஸ்கில் ஊற்றினால் சூடாகுமா? அந்தக் கதைதான். மைனஸ் 8-இல் இருக்கிற இருபது டன் சரக்கை ஏற்றிவிட்டு, செட் பாயிண்டை மைனஸ் 18 என்று வைத்தால், வெளிச்சுற்றில் இருக்கிற பெட்டிகள் சீக்கிரம் இறங்கும். நடுவில் இருக்கிற பெட்டி வாரக்கணக்கில் இறங்காது. அந்த மெஷினின் வேலை, சுவர் வழியாகக் கசிந்து உள்ளே வருகிற வெப்பத்தை வெளியே தள்ளுவது மட்டும்தான்.

அந்த வேலையையும் அது எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொள். ஒரு முனையில் மெஷின், மறுமுனையில் கதவு. தரை சமதளமாக இருக்காது. டி எழுத்து மாதிரி அலுமினியக் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். குளிர்காற்று அந்தக் கம்பிகளின் இடைவெளியில் புகுந்து கதவு வரைக்கும் போய், சரக்கைச் சுற்றி மேலே ஏறி, கூரையடியாகத் திரும்பி மெஷினுக்கு வரும். அதற்காகத்தான் உள்சுவரில் சிவப்புக்கோடு போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட அடுக்கக்கூடாது. இன்னும் நாலு பெட்டி பிடிக்கும் என்று கூரைவரை திணித்தால் காற்று திரும்ப வழியில்லை. அதேபோல் கதவுப் பக்கம் தரையை மூடாமல் விட்டால் காற்று அங்கேயே குறுக்கே மேலேறித் திரும்பிவிடும். எப்படியானாலும் சரக்கின் ஒரு பகுதிக்குக் குளிர் போய்ச் சேராது.

இந்தக் காற்றுக் கணக்கு நேற்று வந்ததில்லை. 1882-இல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த ஆட்டிறைச்சி கொண்டுபோன ‘டனீடன்’ என்ற கப்பலைப் பற்றி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பாய்மரக் கப்பல்தான், நிலக்கரியில் ஓடுகிற ஒரு குளிர்ப்பொறியை அதில் ஏற்றியிருந்தார்கள். சுமார் 5000 ஆடுகள், 98 நாள் பயணம். நிலநடுக்கோட்டுப் பக்கம் வந்ததும் உள்ளே குளிர் சரியாகப் பரவவில்லை. கேப்டன் விட்சன் காற்றுக்குழாய்க்குள் தானே ஊர்ந்துபோய் அதிகப்படியாகத் துளை போட்டார். உடம்பு விறைத்து மயங்கிப்போனவரைக் காலில் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். லண்டனில் போய் இறக்கியபோது ஒரே ஓர் ஆடுதான் தேறவில்லை. 144 வருஷத்துக்கு முன்னால், பாய்மரக் கப்பலில்! கடல் தூரம் பெரிய சிக்கல் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சரி, கரைக்கு வருவோம். உனக்கு வாத்தியார் வெளிநாட்டில் இல்லை. உன் மாவட்டத்துக் கிழக்கு எல்லையிலேயே இருக்கிறார்கள். மணமேல்குடி, மீமிசல் பக்கத்து இறால் பண்ணைகளில் ஒரு பிடிப்பைப் போய்ப் பார். பிடிப்பு ராத்திரியிலோ விடியற்காலையிலோதான். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதே முதல் விதி. இறால் வருவதற்கு முன்னாலேயே ஐஸ் வந்து நிற்கும். வலையிலிருந்து எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் முக்குவார்கள். அந்தக் கணத்திலேயே அது செத்துக் குளிர்ந்துவிடும். துள்ளித் துள்ளிச் செத்தால் சதை தளரும், தலைப்பக்கம் கருப்புப் புள்ளி விழும். பிறகு ஒரு கிலோவை நிறுத்து எண்ணுவார்கள். கிலோவுக்கு 30 உருப்படி என்றால் 30 கவுண்ட். அந்த எண்ணில்தான் விலை. அடுக்காக ஐஸ், அடுக்காக இறால் என்று பெட்டி போட்டு லாரியில் ஏற்றிவிடுவார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் படகுக்காரர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். டீசல் இல்லாவிட்டால் கடன் வாங்கலாம்; ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போனால் பிடித்ததெல்லாம் கருவாட்டுக்குத்தான்.

கம்பெனியில் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். கழுவி, தலை எடுத்து, தரம் பிரித்து, உறைய வைப்பார்கள். ஐ.க்யூ.எஃப் என்றால் ஒவ்வொரு உருப்படியும் தனித்தனியாக பெல்ட்டில் ஓடிக்கொண்டே சில நிமிஷத்தில் உறைந்துவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் காட்டி எடுத்தால் மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பனித்தோல் படியும், அதுதான் கிளேசிங். அது இருந்தால் குளிர்காற்றில் சதை வறண்டு வெளுத்துப்போகாது. பெட்டி கட்டி, மைனஸ் 18-க்குக் கீழே கோல்டு ஸ்டோரேஜில் வைத்து, கண்டெய்னர் வந்தபிறகுதான் வெளியே எடுப்பார்கள். ஏற்றும்போது ஒரு ஆள் கையில் முள் தெர்மாமீட்டரோடு நிற்பார். அங்கங்கே ஒரு பெட்டியைப் பிரித்து, துளை போட்டு, உள்சூட்டைப் பார்த்து எழுதுவார். அந்தத் தாள்தான் நாளைக்குச் சண்டை வந்தால் நம் கையில் இருக்கிற சாட்சி.

இதெல்லாம் தானாக வந்துவிடவில்லை. கொச்சியிலிருந்து முதல் உறைந்த இறால் அமெரிக்காவுக்குப் போனது 1953-இல். எம்பீடா என்கிற கடல்பொருள் ஏற்றுமதி வாரியம் 1972-இல் வந்தது. 2023-24-இல் நம் நாட்டிலிருந்து 17,81,602 டன் கடலுணவு வெளியே போயிருக்கிறது. 60,523 கோடி ரூபாய். டாலர் கணக்கில் அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைந்த இறால் மட்டும். எழுபது வருஷமாக ஐஸ் ஃபேக்டரி, ஆய்வுக்கூடம், டிரைவர், உரிக்கிற பெண்கள், ஏஜெண்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து உண்டான பாதை அது. உன் பலாச்சுளைக்கு அப்படி ஒரு பாதை நம் பக்கம் இல்லை. நீ தனியாளாக, ஒரே சீசனில் போடப் பார்க்கிறாய்.

கரையில் எப்படிக் கெடுகிறது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனி பேர் வேண்டாம். ஒரு கண்டெய்னர் இறால் ஐரோப்பாவில் இறங்கியது. வாங்கியவர் படம் எடுத்து அனுப்பினார். தனித்தனியாகக் கலகலக்க வேண்டிய இறால் பையின் அடியில் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தது. உருகி மறுபடி உறைந்தால்தான் அப்படி ஆகும். கப்பல் கம்பெனி கரண்டை நிறுத்திவிட்டது, நஷ்டஈடு கேட்போம் என்று இங்கே ஆர்ப்பாட்டம். கண்டெய்னருக்குள்ளேயே ஒரு டேட்டா லாகர் இருக்கும். வெளியே போகிற காற்றின் சூடு, திரும்பி வருகிற காற்றின் சூடு இரண்டையும் நேரம் தவறாமல் பதிந்துகொண்டே வரும். அந்த கிராஃபை வாங்கிப் பார்த்தோம். கடலில் ஒரு இடத்திலும் கோடு ஏறவில்லை. முதல் நாளிலேயே திரும்பி வந்த காற்று மைனஸ் 9. ஒரு வாரத்துக்கு மேல் மெதுவாக இறங்கி இறங்கித்தான் மைனஸ் 18-க்கு வந்திருக்கிறது. அதாவது ஏற்றும்போதே சரக்கு இளகித்தான் இருந்திருக்கிறது. விசாரித்தால், ஏற்றுவதற்கு முதல் நாள் ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் ஒழுங்காக எடுக்கவில்லை. கப்பல் போய்விடுமே என்று அவசரத்தில் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். தெர்மாமீட்டர் தாளில் மட்டும் எல்லாப் பெட்டியும் மைனஸ் 19. நஷ்டஈடு எங்கே கிடைக்கும்?

இப்போது உன் சுளைக்கு வருகிறேன். பலா, இறாலைவிடப் பொல்லாத சரக்கு. இறால் பிடித்தபோதே செத்துவிடுகிறது. பலா பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. பழுத்துக்கொண்டே போகும், சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். இன்றைக்குச் சரியான பதத்தில் இருக்கிற பழம் நாளை மறுநாள் குழைந்துவிடும். ஒரே நாளில் உரிக்கிற பழமெல்லாம் ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்றால், பறிக்கிற ஆளுக்குத் தட்டிப் பார்க்கிற காது வேண்டும். அந்தக் காது உன் அப்பாவுக்கு உண்டு. கூலிக்கு வருகிற எல்லோருக்கும் உண்டா? கெட்டிச் சுளை போடுகிற மரம் எது, குழைந்த சுளை எது என்று முதலில் மரம் மரமாகப் பிரித்து வை. குழைந்தது உறையவைக்க ஆகாது, கூழாக்கத்தான் ஆகும்.

கணக்கும் போட்டுப் பார். ஒரு பழத்தில் சுளையாகத் தேறுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்றது தோல், சடை, கொட்டை. நாற்பதடி கண்டெய்னருக்கு 20 டன் சுளை என்று வைத்தால் 60 டன்னுக்கு மேல் பழம் வேண்டும். பழம் ஒன்று 10 கிலோ என்றாலும் 6000 பழத்துக்கு மேல். கையில் எண்ணெய் தடவி, பால் துடைத்து, சடை நீக்கி, கொட்டை எடுத்து, சுளை கிழியாமல் எடுக்க எத்தனை கை வேண்டும் என்று உன் அம்மாவையே கேள். கீரமங்கலம் மண்டிக்குப் போகிற பழத்தையெல்லாம் நீ மறித்தாலும், எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே பதத்தில் வராது. அப்படியானால் சீசன் முழுக்க உரித்து உரித்துச் சேர்த்து வைக்க வேண்டும். சேர்த்து வைப்பதென்றால் கோல்டு ஸ்டோரேஜ். ஃப்ரீசருக்கு மட்டும் கடன் கணக்குப் போட்டிருக்கிறாய். அதைவிடப் பெரிய செலவு இதுதான்.

போன வருஷம் வீட்டு டீப் ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது என்றாய். சரிதான், அது ஒரு கிலோ. அதிலேயே ஐம்பது கிலோவைத் திணித்துப் பார். உறைய ஒரு நாள் ஆகும். மெதுவாக உறைந்தால் சுளைக்குள் இருக்கிற தண்ணீர் பெரிய பெரிய பனிப்படிகமாகும். அது சதையைக் குத்திக் கிழிக்கும். உறைந்திருக்கும்போது பார்க்க அழகாகவே இருக்கும். லண்டனில் ஒரு வீட்டில் தட்டில் எடுத்து வைத்ததும் தண்ணீர் விட்டு, துணி மாதிரி தொங்கும். அந்த வீட்டுக்காரர் மறுபடி வாங்க மாட்டார். வேகமாக உறைந்தால் படிகம் சின்னது, சுளை கடிக்கும்போது சுளையாகவே இருக்கும். மைனஸ் 1-லிருந்து மைனஸ் 5 வரைக்கும் உள்ள அந்தக் கட்டத்தை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ப்ளாஸ்ட் ஃப்ரீசர் வேண்டும் என்று நீ சொல்வது அந்த வகையில் சரி. இப்போதே, உன் பேரில், கடனில் என்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கரண்டையும் மறந்துவிடாதே. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் பக்கம் என்ன ஆயிற்று? உன் தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்தது. அதைவிட, ஊரே வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது. அன்றைக்கு உன் குளிர் அறையில் 20 டன் சுளை இருந்திருந்தால்? அந்த மாதிரிப் புயல் வருஷா வருஷம் வராது, உண்மை. ஆனால் உன் சீசன் சித்திரை, வைகாசி. கோடை மழைக் காற்றில் கம்பி அறுவதும், லோ வோல்டேஜில் கம்ப்ரஸர் திணறுவதும் வருஷா வருஷம் உண்டு.

வாழையையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். ஒரே பெட்டியில் முடியாது. வாழைக்காய் உயிருள்ள சரக்கு. 13, 14 டிகிரியில்தான் போக வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துக் கருத்துவிடும், பழுக்கவும் பழுக்காது. அது மூச்சு விடுவதால் கண்டெய்னரின் காற்றுத் துளையைத் திறந்து வைக்க வேண்டும். உறைந்த சரக்குக்கு அதே துளையை இறுக மூட வேண்டும். புக்கிங் செய்யும்போது வெறும் 18 என்று எழுதி, மைனஸ் குறியை விட்டு, சரக்கு சமைந்துபோன கதைகளும் இந்தத் தொழிலில் உண்டு. எங்கள் ஆபீசில் குறி போட்டால் போதாது, ‘மைனஸ்’ என்று எழுத்தில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

சாலையைப் பற்றியும் நாலு வரி. வடகாட்டிலிருந்து இங்கே வர லாரிக்கு ஆறேழு மணி நேரம் ஆகும். கண்டெய்னருக்கு 440 வோல்ட் த்ரீ பேஸ் வேண்டும். வழியில் அதற்கு ஒரு ஜென்செட் மாட்டி அனுப்புவார்கள். டீசல் மிச்சம் பிடிக்க அதை அணைத்துவிட்டு ஓட்டுகிற ஆட்கள் உண்டு. சாப்பாட்டுக்கு நிறுத்தினால் அணைப்பதும் உண்டு. நன்றாக உறைந்த முழுப்பெட்டி சில மணி நேரம் தாங்கும். இளகிய சரக்கு தாங்காது. ஏற்றும் இடத்திலும் அப்படித்தான். குளிர் அறையோடு ஒட்டி கண்டெய்னர் நிற்க இடம் இல்லாமல் வெளியே வெயிலில் ஏற்றினால், கதவு திறந்திருக்கும்போது மெஷினை நிறுத்தி வைக்க வேண்டும். ஓடவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றை இழுத்து உள்ளே காயிலில் பனிக்கட்டி அப்பிக்கொள்ளும், அப்புறம் காற்றே வராது. ஆகவே ஏற்றுகிற வேலை வேகமாக நடக்க வேண்டும். டீ குடிக்கப் போகிற ஆட்களை வைத்துக்கொண்டு இது நடக்காது.

இங்கே துறைமுகத்துக்குள் வந்து ப்ளக் மாட்டியதும் என் கவலை பாதி தீர்ந்துவிடும். ஃபீடர் கப்பல் கொழும்புக்கு ஒரு ராத்திரித் தூரம். அங்கே பெரிய கப்பல் வரும்வரை யார்டில் ப்ளக்கில் நிற்கும். அங்கிருந்து முன்பெல்லாம் செங்கடல், சூயஸ் வழியாக ஐரோப்பா. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு பல கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகப் போக ஆரம்பித்தன. பத்திலிருந்து பதினான்கு நாள் கூடுதல், வாடகையும் கூடுதல். அதனால் உன் சுளைக்குக் கேடில்லை. உன் பணத்துக்குத்தான் கேடு. பணம் அத்தனை நாள் கடலில் மாட்டிக்கொள்ளும், பேங்க் வட்டி மட்டும் கரையில் ஓடும்.

இன்சூரன்ஸ் எடுப்பாய், எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பாலிசியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. மெஷின் தொடர்ந்து 24 மணி நேரம் நின்றிருந்தால்தான் பணம் என்று நிபந்தனை வைக்கிற பாலிசிகள் உண்டு. ஏற்றும்போதே இளகியிருந்த சரக்குக்கு எந்த பாலிசியும் உதவாது. நீ வாட்ஸ்அப்பில் பேசிவருகிற லண்டன் வியாபாரியிடம் முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்று எழுத்தில் வாங்கு. பேங்க் மூலம் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்றால் இன்னும் நல்லது. வாங்குகிறவர் பணம் தராமல் போனால் ஈடு கொடுக்க ஈ.சி.ஜி.சி. என்று மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அந்தப் பாலிசி வேறு, கப்பல் பாலிசி வேறு.

இறால்காரர்களிடம் எதைக் கற்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒருவர் குட்டை வெட்டிச் சம்பாதித்ததைப் பார்த்துக் கிழக்குக் கடற்கரை முழுக்க வெட்டினார்கள். 1994 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. கடன் வாங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. இதற்கிடையில் குடிதண்ணீர் உப்பாகிறது, விளைநிலம் போகிறது என்று சர்வோதயக்காரர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்து, பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. சமீபத்தில்கூடப் பார், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்றதும் பண்ணையில் விலை இறங்கியது. எங்கோ ஒரு மேஜையில் போட்ட கையெழுத்து மணமேல்குடிக் குட்டைக் கரையில் வந்து இடிக்கிறது. இத்தனை பழகிய இறாலுக்கே இந்த நிலை. தோட்டத்தை வைத்து இறங்குகிற உனக்கு ஒரு சீசன் தவறினால் இரண்டாவது சீசன் கிடையாது.

ஆகவே இந்த வருஷம் இப்படிச் செய். முழுக் கண்டெய்னர் கனவை ஓரமாக வை. லண்டன், பாரிஸ், டொராண்டோ தமிழ்க் கடைகளுக்கு முருங்கைக்காய், தேங்காய்த் துருவல், பரோட்டா என்று பல சரக்கையும் கலந்து ஒரே உறை கண்டெய்னரில் அனுப்புகிற ஏற்றுமதியாளர்கள் இருக்கிறார்கள். எல்லாமே மைனஸ் 18 என்பதால் கலந்து போகலாம். அவர்களில் யாராவது ஒருவருக்கு நூறு, இருநூறு பெட்டி சுளை கொடுக்க முடியுமா பார். உறைய வைக்கிற வேலையைக் காய்கனி உறைய வைக்கிற யூனிட்டில் கூலிக்குச் செய்துகொள். பக்கத்தில் இருக்கிறதே என்று இறால் கம்பெனியில் செய்யலாம் என்று நினைக்காதே. இறால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை தரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டிய பொருள் அது. ஒரு துணுக்கு கலந்தாலும் முழுச் சரக்கும் போச்சு. அனுமதியும் வேறு வேறு: இறாலுக்கு எம்பீடா, பழத்துக்கு அபேடா என்கிற விவசாயப் பொருள் ஏற்றுமதி ஆணையம். உனக்கு ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி எண்ணும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவு லைசென்ஸும் வேண்டும், அவற்றை இந்த மாசமே எழுதிப்போடு, செலவு பெரிதில்லை.

குளிரே இல்லாமல் போகிற வழியும் ஒன்று இருக்கிறது. பையில் அடைத்து ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்குகிற ரிட்டார்ட் முறை. 2021-இல் பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்குப் பலாத் துண்டுகளை அப்படித்தான் கப்பலில் அனுப்பினார்கள். சாதாரணக் கண்டெய்னர் போதும், ப்ளக்கும் வேண்டாம், கிராஃபும் வேண்டாம். ருசி உறைந்த சுளை அளவுக்கு வராது என்பது என் எண்ணம். ஆனால் பிஞ்சுப் பலாவைக் கறிக்குப் பதிலாக வாங்குகிறவர்களுக்கு அது தடையில்லை. குழைகிற மரத்தின் காயைப் பிஞ்சிலேயே இப்படித் தள்ளலாமா என்று யோசி.

நீ இப்போது எனக்குச் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, நம் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் கெட்டிச் சுளை மரம் எத்தனை, எது எந்த வாரம் பழுக்கும் என்று எண்ணி எழுது. இரண்டு, ஒரு பழத்தைப் பறித்ததிலிருந்து சுளையாகி ஐஸில் உட்காருகிற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார். இரண்டு மூன்று பேரை உரிக்கவிட்டுப் பார். மூன்று, அந்த லண்டன் வியாபாரி சுளையை எந்த அளவில், எத்தனை கிராம் பையில், கொட்டையோடா இல்லாமலா கேட்கிறார் என்று எழுத்தில் வாங்கு. அதைச் சொல்லத் தெரியாத ஆள் சரக்கு வாங்குகிற ஆள் இல்லை.

மாசி பிறந்ததும் ஒரு இரண்டு நாள் இங்கே வா. கண்டெய்னரில் இறால் ஏற்றுகிற இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். சட்டைக்கு மேல் போட ஸ்வெட்டர் எடுத்துக்கொள். உள்ளே கால் மணி நேரம் நின்றால் காது மரத்துவிடும். தெர்மாமீட்டரை நீயே பிடித்துப் பெட்டிக்குள் குத்திப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டும் உனக்கு ஃப்ரீசர் வாங்க வேண்டும் என்று தோன்றினால், எந்த அளவு, என்ன விலை, எத்தனை வருஷத்தில் கடன் அடையும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அதுவரைக்கும் பேங்க் மேனேஜரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதே.

அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வரும்போது உன் அம்மாவிடம் சொல்லிப் பலாக்கொட்டை இருந்தால் கொண்டு வரச் சொல்கிறாள். இப்போது ஏது சீசன் என்றேன், கேட்கவில்லை.

அன்புடன்,
உன் மாமா